மற்றவை நான்கு சதவீதம்

புட்டியின் முதுகில் அறுபது சொற்களுக்கு இடம்.
அதை நிரப்புவது என் வேலை.
உர்சுவா வீட்டுக்கு நான் மருமகளாய் வந்த ஆண்டு
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று கொடுத்தார்கள்,
பத்தொன்பது ஆண்டாகிறது, திரும்பக் கேட்கவில்லை.

'நான்கு தலைமுறை. ஒரே குடும்பம். ஒரே மலைச்சரிவு.'
இதுவரை பொய்யில்லை.
'கொள்ளுப்பாட்டனார் வகுத்த விகிதம்' என்று
கொழுந்தன் பௌஸ்தினோ அடுத்த வரியைச் சொல்வான்.
அந்த இடத்தில் என் பேனா எப்போதும் கொஞ்சம் கக்கும்.

விகிதத்தை வகுத்தது நிலம்.
இரண்டாயிரத்துப் பத்து, பிப்ரவரிக் கடைசி,
விடிய இன்னும் நேரமிருந்தது.
மாவ்லே பள்ளத்தாக்கை முறத்திலிட்டு
யாரோ புடைத்தார்கள்.
கல் எது, நெல் எது என்று பார்க்காமல் புடைத்தார்கள்.

நிலவறைக் கதவை லெயாந்த்ரோ கடப்பாரையால் நெம்ப
உள்ளிருந்து சிவப்பு வெளியே வந்து
எங்கள் கணுக்காலைத் தொட்டது.
மின்சாரம் இல்லை. நிலா மட்டும் இருந்தது,
அதுவும் வாசற்படியோடு நின்றுகொண்டது.
உருண்ட பீப்பாய், பிளந்த பீப்பாய், வளையம் கழன்றது,
எதில் எது என்று எழுதிய சுண்ணாம்பு எழுத்தை
ஒயினே நக்கித் துடைத்திருந்தது.
'மிச்சமுள்ளதை எல்லாம் ஒரே தொட்டிக்கு ஏற்று' என்று
நாத்தனார் ஃபிலோமேனா கத்தினாள்.
அவர்கள் கைப்பம்பை அடித்தார்கள்.
குழாயின் நுனி என் கையில்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தொட்டியைத் திறந்தோம்.
சாந்தியாகோவிலிருந்து வந்தவர் முகர்ந்தார்,
கோப்பையைக் கீழே வைத்தார்,
மறுபடி எடுத்து முகர்ந்தார்,
விலையை அவரே சொன்னார்.
நாங்கள் சொல்ல நினைத்ததைப்போல் ஏழு மடங்கு.

அன்று பிடித்தது சனி.
ஒவ்வோர் ஆகஸ்டிலும் சாப்பாட்டு மேசையில் அளவுக் குடுவைகள்.
கபர்னே அறுபத்திரண்டு, கார்மெனேர் இருபத்தொன்பது, சிரா ஒன்பது.
துப்புகிறார்கள்.
கபர்னே அறுபது. துப்புகிறார்கள்.
'அப்பா மாதிரியே உனக்கும் நாக்கு மரம்' என்று
அக்காள் தம்பியைச் சொல்ல
அவன் எழுந்து போக, இவன் கூப்பிட,
சூப் ஆறிப்போகும்.
ஏதோ ஒன்று குறைகிறது என்பதில் மட்டும்
மூவரும் ஒன்று.

குறைவது எது என்று எனக்குத் தெரியும்.
நிலவறையின் கடைசி மூலையில், குளிர்ச்சிக்காக,
கிடங்கு ஆள் ஒஸ்வால்தோ ரெதமால்
தன் அரைப் பீப்பாயை வைத்திருந்தான்.
அவன் கொல்லையில் தானாய்ப் படர்ந்த கொடி,
உழவும் இல்லை, உரமும் இல்லை,
பயீஸ் என்று பெயர், அப்படியென்றால் நாடு.
நாட்டுக்கோழி என்பதுபோல் நாட்டுத் திராட்சை.
சந்தையில் பிளாஸ்டிக் கேனில் போகும்.
இருட்டில் என் குழாய் அதற்குள்ளும் இறங்கியது.
மண்வாசனை குப்பென்று வந்ததே,
அப்போதே தெரிந்தது. நிறுத்தவில்லை.

மறுவாரம் கேட்டான். உடைந்துபோயிற்று என்றேன்.
அவன் வீட்டுச் சுவரும்தான் உடைந்திருந்தது,
அதனால் நம்பினான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆகஸ்டில் ஒரு ஜாடி வாங்கி வந்தேன்,
சமையலுக்கு என்று.
குடுவையில் நான்கு பங்கு விட்டேன், யாரும் பார்க்கவில்லை.
ஃபிலோமேனா துப்பவில்லை. விழுங்கினாள்.
பௌஸ்தினோ அப்பாவின் படத்தைப் பார்த்து அழுதான்.
அன்றிலிருந்து ஆண்டுதோறும் எனக்குச் சமையல் அதிகம்,
ஜாடி போய் ட்ரம் ஆகிவிட்டது.

இந்த ஆண்டு ட்ரம்மை லாரியிலிருந்து இறக்கியபடி ஒஸ்வால்தோ,
'என் அரைப் பீப்பாய்க் கணக்கு இன்னும் பாக்கி, சென்யோரா' என்றான்.
கை நடுங்கியது எனக்கு.
'எப்போது தெரியும்?'
'முதல் புட்டியில். மிச்சம் வைத்த கோப்பையைக் கழுவினவன் நான்தானே.'
பணம் எடுக்கப் போனேன், தடுத்தான்.
பெயரைப் போடுகிறேன் என்றேன்.
'ஐயோ வேண்டாம், பெயர் தெரிந்தால்
கொல்லைக்கு வரி போட ஆள் வரும்.'
சிரித்துக்கொண்டே லாரியைப் பின்னால் எடுத்தான்,
எங்கள் ரோஜாச் செடி ஒன்று சக்கரத்தில் போயிற்று.

இரவு எழுதினேன்.
கொள்ளுப்பாட்டனாரை அடித்தேன்.
கபர்னே அறுபது, கார்மெனேர் இருபத்தெட்டு,
சிரா எட்டு, மற்றவை நான்கு.
'மற்றவை என்றால்?' என்றான் பௌஸ்தினோ, கண்ணாடியை ஏற்றி.
சட்டம் கேட்கிறது என்றேன்.

எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தெட்டுச் சொல்.
இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது.
அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டேன்,
எழுத்தைப் பெரிதாக்கி அதை நிரப்ப வேண்டாம் என்று.